மகாராணிக்குப் பசி

சிறிய தொழிலுக்குப் பெரிய இயந்திரம் வாங்கக் கூடாது. இதை எல்லோரும் சொல்வார்கள். நாம் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு சொல்வார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் என்னைப் பற்றித் தவறான எண்ணம் வந்துவிடும். அதனால் தொழிலிலிருந்து தொடங்குகிறேன். நகராட்சியின் மர விசாரணை அதிகாரி என்று உங்கள் அட்டையில் போட்டிருக்கிறது. மரத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லதுதான். தேநீரை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். பிஸ்கட்டைத் தொட வேண்டாம், அது என் மனைவி கோரல் இருந்தபோது வாங்கியது.

கரவாங் முனையில் நானும் என் மச்சினன் லீத் மல்வேனியும் சேர்ந்து தொழில் நடத்திவந்தோம். கோரலின் தம்பி அவன். எங்கள் வண்டிக் கதவில் ‘டிண்டேல் – மல்வேனி, மர மருத்துவர்கள்’ என்று எழுதியிருக்கும். ‘மரம் வெட்டப்படும்’ என்று எழுதினால் போதும் என்றான் லீத். அவனுக்கு உலகம் தெரியாது. வெட்டுகிறவனைப் பார்த்தால் ஜனங்கள் பேரம் பேசுவார்கள். மருத்துவரைப் பார்த்தால் கவலையோடு தலையாட்டுவார்கள்.

எங்களிடம் இருந்தவை இரண்டு மோட்டார் ரம்பம், நீளக் கழியில் பொருத்திய ரம்பம் ஒன்று, கயிறுகள், இடுப்புப் பட்டைகள், பிறகு வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற ஒரு சின்னச் சிப்பர். வெட்டிய கிளையை வாயில் கொடுத்தால் மறுபக்கம் சில்லுகளாகத் துப்புகிற இயந்திரம். எங்களுடையது மணிக்கட்டுத் தடிமன் வரை தின்னும். அதற்கு மேல் கொடுத்தால் விக்கும். இந்த ஊருக்கு அது போதும் என்பதை நான் மறைக்கவில்லை. ஜகரண்டா கிளை, லில்லிப்பில்லிப் புதர் வேலி, காய்ந்த பனையோலை, கூரை வாய்க்காலில் பட்டை உதிர்க்கிற ஏதாவது ஒரு யூக்கலிப்டஸ். இவ்வளவுதான் எங்கள் நோயாளிகள்.

வேலை செய்யும் முறையையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். லீத் ஏறுவான், நான் கீழே நிற்பேன். அவன் கயிற்றைப் போடுவதற்கு முன்னால் நான் மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பார்ப்பேன். நல்ல மரம் பதில் சொல்லும். உள்ளே கெட்டுப்போன மரம் இருமும். நான் “சரி” என்று சொன்ன பிறகுதான் அவன் கால் தரையை விட்டுக் கிளம்பும். ஏறுகிறவன் தன் கண்ணை நம்பி ஏறுவதில்லை, கீழே நிற்பவனின் காதை நம்பி ஏறுகிறான். எத்தனையோ வருடம் அப்படித்தான் ஏறினான், ஒரு கீறல் விழுந்ததில்லை.

பிறகு நான் உள்நாட்டில் நடந்த விவசாய இயந்திரக் கண்காட்சிக்குப் போனேன். காலுறை வாங்கத்தான் போனேன்.

அவள் ஒரு மேட்டின் மேல் நின்றாள். ஆரஞ்சு வண்ணச் சிப்பர். வாய் பதினெட்டு அங்குலம். தனக்கு வேண்டியதைத் தானே தூக்கி வாயில் போட்டுக்கொள்ள ஒரு இரும்புக் கை. கையடக்கப் பெட்டியில் பொத்தானை அழுத்தினால் தள்ளி நின்றே ஓட்டலாம். விற்பனையாளன் பெயர் வெஸ். தொப்பி போட்ட, சிரித்த முகம். எனக்கு என்ன தொழில் என்று கேட்டான், சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டான், அதையும் சொன்னேன். உடனே அவன் சிரிப்பு கொஞ்சம் மங்கியது. நேர்மையான ஆள்தான்.

“சார், உங்க ஊர் வேலைக்கு இது கொஞ்சம் அதிகம்.”

“அப்ப இத யாருதான் வாங்குறாங்க?”

“உண்மையச் சொல்லட்டா? தேவைக்கு வாங்குறவங்க கம்மி சார். தகுதிக்கு வாங்குறவங்கதான் அதிகம்.”

இதற்குப் பிறகு ஒரு ஆண்மகன் காலுறையோடு வீட்டுக்குத் திரும்ப முடியாது.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் வெஸ் ஒரு வார்த்தை சொன்னான். “ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனிச்சுக்குங்க. இவளப் பட்டினி போட்டுறாதீங்க. வாரம் ஒரு தடவையாவது தடியா ஏதாவது குடுத்துடணும். சும்மா நின்னா சீல் காஞ்சிடும், பேரிங் இறுகிடும். அப்புறம் என்னத் திட்டக் கூடாது.”

நான் சொல் தவறாதவன். திருமணத்தில் பாதிரியார் சொன்னதைக்கூட இவ்வளவு கவனமாக நான் கேட்டதில்லை.

ஊருக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். லீத் இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்றைக் கடித்துக்கொண்டே அவளை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவந்தான்.

“மச்சான், எதுக்கு இது? ஊரயே அரைக்கப் போறியா?”

“வருங்காலத்த நெனச்சு வாங்குனேன்.”

“வருங்காலத்துல லில்லிப்பில்லி எல்லாம் யானைக்கால் தடிமனுக்குப் பருக்குதாமா?” அவன் அவள் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்தான். “மகாராணி மாதிரி உக்காந்திருக்கா பாரு. வேலை ஒண்ணும் இல்ல, சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்துடணும்.”

கோரல் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள். “நெழலு நல்லா விழுது. இனிமே துணி காயப்போட முடியாது” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மகாராணி என்ற பெயர் கேலியாக வைத்தது. ஆனால் பொருத்தமாக இருந்ததால் நான் அதையே வைத்துக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை ஜகரண்டாக் குச்சிகளைக் கொடுத்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவள் அவற்றைத் தின்றதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளி பழைய சரக்குப் பலகைகள். அதற்கடுத்து எங்கள் பின்வேலி. பிறகு கோரலின் அம்மா வைத்துவிட்டுப்போன ஓக் அலமாரி. கீலையும் ஆணியையும் பொறுமையாகக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தேன். இரும்பு உள்ளே போனால் கத்தி பல்லிளித்துவிடும், இதை மறக்கக் கூடாது. ஓக்கை அவள் எவ்வளவு சுகமாக வாங்கிக்கொண்டாள் தெரியுமா. சத்தமே மாறிவிட்டது. கனத்த, திருப்தியான ஒரு முனகல்.

“அம்மா அலமாரி எங்க?” என்றாள் கோரல்.

“அரிச்சுப்போச்சு.”

“எது அரிச்சுது?”

உண்மையைத்தான் சொல்லியிருந்தேன்.

கத்தியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் நகராட்சியே ஒரு நாள் வாங்கக்கூடும். வெளியே வருவது சில்லாக வந்தால் கத்தி கூர்மையாக இருக்கிறது. தூளாக வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய கத்தியோடு ஓட்டுகிறவன் மரத்துக்கும் மரியாதை தருவதில்லை, இயந்திரத்துக்கும் தருவதில்லை. நான் ஒரு நாளும் தூள் விட்டதில்லை.

வீட்டில் தடியாக எதுவும் மிச்சம் இல்லாதபோது, பௌலிங் கிளப்புக்குப் பின்னால் நின்ற யூக்கலிப்டஸைப் பற்றி யோசித்தேன். வயதான மரம், ஒரு பக்கம் சாய்ந்தது. எப்படியும் ஒரு நாள் சாகத்தான் போகிறது, எல்லோரும்தான். நான் தேதியை மட்டும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். அதன் இலைகள் பழுத்து உதிர்ந்ததும் கிளப்காரர்களே என்னைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னார்கள். வேலை முடிந்ததும் எனக்கும் லீத்துக்கும் பீர் வாங்கிக்கொடுத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை மகாராணி முதல்முறையாக முழு வயிற்றோடு பாடினாள். ஒரு மனிதன் தன் கருவியைச் சரியாகப் பயன்படுத்தும்போது வரும் நிம்மதி என்ன என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அதன் பிறகு எனக்குக் கடற்கரைச் சாலை கண்ணில் பட்டது.

வீரர் சாலை உங்களுக்குத் தெரியும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வராத எங்கள் ஊர்ப் பையன்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நார்ஃபோக் பைன். ஒவ்வொன்றின் அடியிலும் பித்தளைத் தகட்டில் பெயர். கேப்டன் பென்ஹாலோவின் மரம் கிளப் வாசலில், எல்லாவற்றிலும் உயரமாக நிற்கும். அவர் கெய்ரோவில் ஒரு விடுதியின் மாடியிலிருந்து, குடித்துவிட்டு, தவறி விழுந்து இறந்தார் என்பது ஊர் முழுக்கத் தெரியும். தகட்டில் ‘உயரத்தில் உயிர் நீத்தார்’ என்று இருக்கும். அங்கிருந்து பதவி இறங்க இறங்க மரங்கள் தள்ளிப்போகும். சிப்பாய்கள் எல்லோரும் கடைசியில், பொதுக் கழிப்பறைப் பக்கம்.

நான் சிப்பாய்களிலிருந்து தொடங்கினேன். அதிகாரிகளை முதலில் எடுப்பது ராணுவ ஒழுங்குக்கு அவமரியாதை. ஹியூபர்ட் ஸ்டாக், பிறகு லின்சே ஓர்ம் என்று வரிசையாகப் போனேன். மல்வேனி குடும்பத்துக் கொள்ளுத்தாத்தா ஏம்ப்ரோஸும் சிப்பாய்தான். ராணுவச் சமையல்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தவர். லீத்தின் வீட்டுக்கு நேர் எதிரே, கொஞ்சம் கோணலாக நிற்கும் மரம் அவருடையது. அதை மட்டும் விட்டுவைத்தேன். உறவு என்று ஒன்று இருக்கிறதே.

துளைப்பானால் அடியில் சாய்வாகத் துளைகள், உள்ளே களைக்கொல்லி, மேலே மர ஆப்பு, ஆப்பின் மேல் பட்டைத் தூளும் பசையும். என் வேலையில் சுத்தம் இருக்கும். அந்தச் சாலையில் மரங்களைப் பரிசோதிக்கிற பொறுப்பும் என்னிடமே இருந்ததால், பட்டப்பகலில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டுதான் செய்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் கையசைத்தார்கள். ஒரு பெண்மணி நின்று, “மரத்துக்கு ஊசி போடறீங்களா? பாவம், வலிக்குமா?” என்று கேட்டார். வலிக்காது என்றேன்.

மரங்கள் பழுக்கத் தொடங்கியதும் வீரர் சாலை அறக்கட்டளை கூடியது. தலைவி ஏவிஸ் பென்ஹாலோ, கேப்டனின் பேத்தி. தாத்தாவின் பதக்கங்களைக் குத்தாமல் கடைக்குக்கூடப் போகமாட்டார். என்ன நோய் என்று கேட்டார்.

“உப்புக்காற்று” என்றேன்.

“நூறு வருஷமா அடிக்கிற அதே கடல்காத்துதானே, மச்சான்?” என்றான் லீத். பின்வரிசையில் லாமிங்டன் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“இது வேற உப்பு” என்றேன். ஏவிஸ் தலையாட்டினார். தலைவர்கள் தலையாட்டினால் சபையும் ஆட்டும்.

ஸ்டாக்கின் மரத்தை இறக்கிய நாள் எல்லோரும் கூடினார்கள். நான் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. கிளப்பில் எக்காளம் ஊதுகிறவர் ஊதினார். நடுவில் மகாராணி கிளம்பிவிட்டதால் எக்காளம் யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் அவர் கன்னம் உப்பியது தெரிந்தது. சில்லுகளை ஏவிஸ் தன் ரோஜாக்களுக்குக் கேட்டார். அந்த வருடம் அவர் தோட்டத்துக்குப் பரிசு கிடைத்தது. சிப்பாய் ஸ்டாக் சாகும்போதும் உபயோகமாக இருந்தார், செத்த பிறகும் இரண்டு முறை உபயோகமாக இருந்தார். எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்?

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது லீத்.

மூன்றாவது மரத்தின் அடியை அறுத்துக்கொண்டிருந்தவன் ரம்பத்தை அணைத்தான். குனிந்து எதையோ பிடுங்கினான். உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

“மச்சான், இங்க பாரு. எவனோ ஓட்ட போட்டு மருந்து ஊத்திருக்கான். ஆப்பு வேற அடிச்சு மூடிருக்கான், நாயி. வேல மட்டும் எவ்ளோ சுத்தமா செஞ்சிருக்கான் பாரேன்.”

அந்தப் பாராட்டு எனக்கு இதமாக இருந்தது. “விடு மாப்ளே, செத்த மரம்” என்றேன்.

“செத்ததா? கொன்னது மச்சான். என்னால இத விட முடியாது.”

மரத்தூள் ஒட்டிய பூட்ஸோடு நேராக உங்கள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனான். லீத்திடம் இருந்த கெட்ட பழக்கம் அது ஒன்றுதான்.

அடுத்து நடந்ததில் உங்கள் இலாகாவுக்கும் பங்கு உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். மற்ற சிப்பாய்களும் ஒன்றிரண்டு கார்ப்பரல்களும் அதற்குள் பழுத்துவிட்டிருந்தார்கள். விஷம் வைத்துக் கொன்ற மரத்தைத் தொடக் கூடாது, குற்றவாளி அகப்படும் வரை அது பட்ட மரமாகவே நின்று ஊருக்கு வெட்கத்தைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டீர்கள். மரம் போனதால் கடல் தெரிகிற இடத்தில் பேருந்து அளவுக்கு ஒரு பதாகையை நிறுத்தினீர்கள். ‘இங்கே மரங்கள் கொல்லப்பட்டன’ என்று எழுத்து. கொன்றவன் கடலைப் பார்க்கக் கூடாது, இந்தப் பதாகையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எண்ணம்.

நம் கடற்கரை ஊர்களின் வழக்கமே அதுதான். மரம் செத்தால் மரத்தின் மேல் யாருக்கு என்ன கோபம் என்று யாரும் கேட்பதில்லை. யார் வீட்டுச் சமையலறையிலிருந்து கடல் தெரிகிறது என்று கேட்பார்கள். இயந்திரத்துக்குப் பசி என்று ஒரு காரணம் இருக்கலாம் என்பது இங்கே ஒருவருக்கும் தோன்றாது. ஆசை என்றால் கடல் ஒன்றுதான் என்று நினைக்கிற ஜனங்கள்.

கடல் தெரிந்தது ஒரே ஒரு சமையலறையிலிருந்து. லீத்தின் சமையலறை.

“எனக்கு எதுக்குய்யா கடலு? மரத்து நெழல்ல என் நாயி தூங்கிட்டிருந்துது. இப்ப வெயில்ல கெடக்கு” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். கேட்டவர்கள் நாயைப் பார்த்தார்கள். பிறகு கடலைப் பார்த்தார்கள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பசித்தவன் எதிரில் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, தொடாதே என்று கயிறு கட்டியது போல. வெள்ளிக்கிழமைதோறும் மகாராணியை வெறும் வயிற்றில் ஓட்டி அணைத்தேன். ஒரு வெள்ளி பேரிங்கிலிருந்து மெல்லிய ஒரு கிறீச் வந்தது. தூக்கம் போய்விட்டது. விதி உங்களுடையது: குற்றவாளி கிடைத்தால்தான் மரங்கள் இறங்கும். ஆகவே ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். எனக்காக அல்ல.

அறக்கட்டளைக் கூட்டத்தில் நிபுணன் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். “எப்படிப்பட்ட ஆளா இருக்கும், ராய்ஸ்? மனசு விட்டுச் சொல்லுங்க” என்றார் ஏவிஸ்.

“பழகின கை. மரத்தோட போக்குத் தெரிஞ்ச ஆளு” என்றேன். இது உண்மை.

“உள்ளூர் ஆளா?”

“வெளியூர்க்காரன் இவ்வளவு அக்கறையா செய்ய மாட்டான்.” இதுவும் உண்மை.

“ஓட்டை இருக்கறதக் கண்டுபிடிச்சுச் சொன்னதே லீத்தான?” என்றார் எக்காளக்காரர்.

“ஆமா. செஞ்சவன்தான் முந்திக்கிட்டு வந்து சொல்லுவான்னு நான் சொல்லல. அவன் என் மச்சினன்” என்றேன். பெயரை நான் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். புறம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு ஊர் தன் வேலையைச் செய்தது. அடுமனையில் அவனுக்கு மட்டும் நேற்றைய மீட் பை. பௌலிங் கிளப்பில் அவன் உட்கார்ந்த மேசையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஏப்ரல் விடியலில் போர் நினைவு நாளுக்கு ஊரே இருட்டில் கூடியது. ஏம்ப்ரோஸின் மங்கிய புகைப்படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு லீத்தும் வந்தான். அவனைச் சுற்றி ஒரு வண்டி நிறுத்துகிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. நான் அந்த இடத்தில் போய் நிற்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மாலை வைக்கும் வரிசையில் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அன்று மதியம் என் கொட்டகைக்கு வந்தான். நான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன்.

“மச்சான், நீயாச்சும் நம்புறியா, நான் இல்லைன்னு?”

“நம்புறேன்” என்றேன். ஊரில் அதை முழு நிச்சயத்தோடு சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

“அப்ப அந்த ஏவிஸ் கெழவிகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். உன் பேச்சக் கேப்பாங்க. வீட்ட வித்துட்டு எங்கயாச்சும் போயிடலாமான்னு இருக்கு மச்சான். ஆனா போனா, ஆமா நான்தான்னு ஆயிடும்ல?”

“நிபுணன் உறவுக்காரனுக்காகப் பேசுனா மதிப்பு இருக்காது மாப்ளே.”

அவன் மகாராணியின் பக்கவாட்டைத் தட்டினான். “இவ வேல இல்லாம மெலிஞ்சுட்டா” என்றான். சிரிக்கத்தான் முயன்றான். எனக்கு அன்றைக்குக் கண் கலங்கியது உண்மை. அவள் நிலைமை என்னைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறதே.

அந்த மழைக்காலத்தில்தான் ஏம்ப்ரோஸின் மரத்துக்கும் மருந்து வைத்தேன். நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். லீத்தின் ஜன்னலை மறைத்துக்கொண்டு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் கடல் முழுதாகத் தெரியும், உங்கள் விசாரணையும் லீத்தோடு முடிந்துவிடும், மரங்கள் எல்லாம் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். நார்ஃபோக் பைனில் ஒரு குணம்: உயிர் போய் வெகு நாள் வரை பச்சையாகவே நிற்கும். மரியாதையான மரம்.

வசந்தத்தில் லீத் ஒரு முடிவோடு வந்தான். கொள்ளுத்தாத்தா மரத்தின் மேலே பலகை கட்டி உட்காரப்போகிறானாம். உண்மையானவன் அகப்படும் வரை இறங்கமாட்டானாம். “அடுத்து இதக் கொல்ல எவன் வந்தாலும் என் பூட்ஸத் தாண்டித்தான் போகணும்” என்றான். படுக்கை விரிப்பில் ‘நான் இல்லை’ என்று பெயின்டால் எழுதிச் சுருட்டி வைத்திருந்தான். உங்கள் பதாகைக்கு நேர் எதிரே தொங்கவிடுவதாகத் திட்டம். ஃபிளாஸ்க், ரொட்டி, இடுப்புப் பட்டை எல்லாம் தயார்.

“தட்டிப் பாத்துச் சொல்லு மச்சான்” என்றான். எப்போதும் போல.

நான் சுத்தியலை எடுத்து மரத்தைச் சுற்றி வந்தேன். தெற்குப் பக்கம் தட்டியபோது இருமியது. கிழக்குப் பக்கமும் இருமியது.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் அப்போது “வேண்டாம்” என்று சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்பான். உள்ளே கெட்டிருக்கிறது என்றால் எப்படி என்று கேட்பான். கேட்டால் பதில் கிடைக்கும் வரை விடமாட்டான்; அவன் பழக்கம்தான் தெரியுமே. அது விசாரணையில் தேவையில்லாத குழப்பத்தை உண்டாக்கும். மேலே பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது.

“சரி” என்றேன்.

அவன் ஏறினான். நன்றாக ஏறுவான். பார்க்க அழகாக இருக்கும்.

முதல் நாள் ஜனங்கள் கீழே நின்று கிண்டல் செய்தார்கள். “மேலேருந்து இன்னும் நல்லாத் தெரியுதா கடலு?” என்றான் ஒருவன். “உன் வழுக்க நல்லாத் தெரியுது” என்றான் லீத் மேலிருந்து. கீழே நின்ற சிலர் சிரித்துவிட்டார்கள். மறுநாள் அடுமனைப் பெண் கூடையில் புதிதாகச் சுட்ட மீட் பை ஒன்றை வைத்துக் கயிற்றில் அனுப்பினாள். அதற்கு மறுநாள் மத்தியானம், ஏவிஸே வந்து பதக்கங்களைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, “இவன் செஞ்சிருக்க மாட்டானோ?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் தெற்குக் காற்று வந்தது. எங்கள் கரையில் அது சொல்லிக்கொண்டு வராது. ஒரு நிமிடம் புழுக்கம், அடுத்த நிமிடம் குப்பைத்தொட்டிகள் சாலையில் ஓடும். படுக்கை விரிப்பு பாய்மரம் போல உப்பியது. மரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு ஒடிந்தது; அவன் கயிறு கட்டியிருந்தது அந்தப் பங்கில்தான். கயிறு கடைசி வரை அறுந்துபோகவில்லை. நல்ல கயிறு. நான்தான் தேர்ந்தெடுத்து வாங்கினேன்.

மேலிருந்து விழுந்தவன் பொய் சொல்லியிருக்க மாட்டான் என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை உண்டு போலிருக்கிறது. அடுத்த வாரமே எல்லோருக்கும் அவன் நிரபராதியாகிவிட்டான். ஏவிஸ் சமாதியில் அழகாகப் பேசினார். ‘உயரத்தில் உயிர் நீத்தார்’ என்ற சொற்றொடர் மறுபடியும் பயன்பட்டது. அடுமனையில் அவன் பெயரில் ஒரு மீட் பை போட்டார்கள், மிளகு கொஞ்சம் தூக்கல். வீரர் சாலையின் கடைசியில், ஏம்ப்ரோஸுக்குப் பக்கத்தில், அவனுக்கு ஒரு நார்ஃபோக் பைன் கன்று நட்டார்கள். பித்தளைத் தகடும் வைத்தார்கள். குழி தோண்டியது நான். ஊரே கேட்டுக்கொண்டது.

கோரல் தன் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் சில வாரங்கள் என்னோடு பேசவில்லையாம். இயந்திரச் சத்தத்தில் என் காது கொஞ்சம் மந்தம், எனக்கு அது தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. செத்தவனைக் குற்றவாளி என்று முடிவு செய்ய முடியாது, ஊரும் அவனை நிரபராதி என்கிறது, ஆகவே விசாரணை திறந்தே இருக்கும் என்று எழுதிவிட்டீர்கள். மரங்களும் அப்படியே நிற்கின்றன. ஸ்டாக்கின் கூட்டாளிகள் எல்லோரும் சாம்பல் நிறத்தில், எலும்பு போல. மகாராணியின் கிறீச் இப்போது தெருமுனை வரை கேட்கிறது. நேற்று வெஸ்ஸுக்குப் போன் செய்தேன். “என்ன சார், பட்டினி போட்டீங்களா?” என்றான். எனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது.

அதனால்தான் இன்று காலை நானே உங்களைக் கூப்பிட்டேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, எந்த நிர்ப்பந்தமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளப் யூக்கலிப்டஸ், சிப்பாய்கள், கார்ப்பரல்கள், ஏம்ப்ரோஸ் மல்வேனி. அவர் மேல் உட்கார்ந்திருந்த லீத் மல்வேனி. எல்லாம் நான்தான். கேப்டனை நான் தொடவில்லை. ஆனால் அடுத்த வருடம் தொட்டிருப்பேன்.

குற்றவாளி கிடைத்துவிட்டான். இனி உங்கள் விதிப்படி அந்த மரங்களை இறக்கலாம், இல்லையா? சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு தடிமனைத் தின்னக்கூடிய இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது. சாவி கொட்டகைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள்: முதலில் சும்மா ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும், நேற்று கத்தி தீட்டியிருக்கிறேன், முதல் நாளே அடிமரத்தைத் திணிக்கக் கூடாது, பட்டினி கிடந்த வயிறு.

இதில் எனக்கு எந்த ஆதாயமும் இல்லை. அவள் நன்றாக இருந்தால் போதும்.

ஆ, கிளம்புவதற்கு முன் ஒரு உதவி. லீத்தின் கன்றுக்கு இத்தனை நாளும் நான்தான் தண்ணீர் ஊற்றிவந்தேன். இனி யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். இப்போது கட்டைவிரல் தடிமன்தான் இருக்கிறது. நன்றாகப் பருக்க வேண்டும்.